சூளும் மண்டாவும்: இரு கரைகளில் அணைந்த விளக்குகளின் வரலாறு



மூன்று வாரங்களுக்கு முன், ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தம் பேரனுடன் என்னிடம் வந்தார். பேரனின் கைத்தொலைபேசியில் நீண்டதொரு பொருட்பட்டியல் இருந்தது. ஐந்து முனை ஈட்டி, நீர் புகாத மின்விளக்கு, அதற்கான மின்கலம், இடுப்புவரை உயர்ந்த இறப்பர்க் காலணி, தட்டையான அடியுடைய படகு. அமெரிக்காவின் தென்கரையில் நாக்கு மீனை இரவு வேளையில் விளக்கு வைத்துக் குத்திப் பிடிப்பவர்களுக்காக எவரோ தொகுத்த பட்டியல் அது. அதன் மொத்த விலை, தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் ஒரு குடும்பத் தலைவரின் பல மாதச் சேமிப்பை விழுங்கிவிடும்.

“சுவாமி, குறைஞ்ச செலவில இதை எப்படித் தொடங்கலாம்? அப்பப்பாவுக்கு நல்ல ஆசை” என்றான் பேரன். பெரியவர் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். “எங்களுக்கு ஒரு சதமும் முடியேல்லை சுவாமி. ஒரு சூள், ஒரு மண்டா, ரெண்டு கால். அவ்வளவுதான்” என்றார். பிறகு சற்று நேரம் ஆற்றின் திசையைப் பார்த்துவிட்டு, “அங்கை யுத்தம் மறிச்சது. இங்கை எது மறிக்குது?” என்று கேட்டார்.

அன்று என்னால் உடனே மறுமொழி கூற இயலவில்லை. நம்முள் பலர் கடலோரக் கிராமங்களில் பிறந்தவர்கள். அவருடைய கேள்வி அவருடையது மட்டுமன்று. ஆதலால், படித்தும் விசாரித்தும் அறிந்தவற்றை உங்கள் அனைவருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தொழிலின் இயல்பை, கடலறியாத நம் பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். நாக்கு மீனும் அதன் இனத்துத் தட்டை மீன்களும் குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலவே தலையின் இருபுறமும் ஒவ்வொரு கண்ணுடன் பிறக்கின்றன. வளரும்போது ஒரு கண் மெல்ல நகர்ந்து மறுபுறம் சேர்ந்துவிடும். அதன்பின் அம்மீன் ஒருபக்கமாகச் சரிந்து, மணலின் நிறத்தை வாங்கிக்கொண்டு, மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும். தன்னை எவரும் காணவில்லை என்ற நம்பிக்கையே அதன் காவல். அதனால் வெளிச்சம் மேலே விழுந்தாலும் அது எளிதில் ஓடாது. இரவில் ஆழங்குறைந்த நீருக்கு இரை தேடி வரும் அதனைக் காற்றில்லாத, நீர் தெளிந்த, நிலவற்ற இரவிலே விளக்கொளியில் உற்றுநோக்கி, ஈட்டியால் நிலத்தோடு சேர்த்துக் குத்துவதே இந்த முறை.

இதற்குத் தேவையானவை மூன்று: ஒளி, கூர்முனை, பொறுமை. பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்து நடக்கவேண்டும். இல்லையேல் மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கையை மிதித்து அதன் முள்ளால் தாக்குண்ண நேரும். நீருக்குள் இருக்கும் பொருள் உள்ள இடத்தைவிடச் சற்று மேலே இருப்பதுபோலத் தோன்றும். ஆகவே சரிவாகப் பார்த்துக் குத்துபவர் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே குறிவைக்க வேண்டும். இவற்றைக் கற்பதற்குப் பணம் வேண்டியதில்லை. கற்றவர் ஒருவரின் அருகே சில இரவுகள் நடந்தால் போதும். இன்று விற்கப்படும் விலையுயர்ந்த விளக்குகளும் படகுகளும் இந்தத் தொழிலுக்குப் பின்னாளில் சேர்ந்தவையே.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். சங்க இலக்கியத்தின் நெய்தற் பாடல்கள் பெருமீனைத் தாக்கும் எறியுளியைப் பேசுகின்றன. பரதவர் திமில்களில் இரவில் எரிந்த விளக்குகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. யாழ்ப்பாணக் கடல்நீரேரியோ பல இடங்களில் ஓர் ஆள் நடந்து செல்லக்கூடிய ஆழமே உடையது. குருநகர், பாசையூர், நாவாந்துறை, மண்டைதீவு, கிளாலி, பூநகரி என்று அதன் கரைகளில் வாழ்ந்தவர்களுக்கு அது கடல் என்பதைவிட நீர் நிறைந்த வயல் என்றே சொல்லலாம். வசதியுள்ளவர் அங்கே கம்புகளை வரிசையாக நட்டுச் சிறகு வலை கட்டினர். படகும் வலையும் உடையவர் ஆழ்கடல் சென்றனர். இரண்டும் இல்லாதவருக்கு எஞ்சியது காய்ந்த தென்னோலையை இறுகக் கட்டிய சூளும், கழியின் நுனியில் இரும்பு முனை பொருத்திய மண்டாவுமே. பிற்காலத்தில் சூளின் இடத்தைப் பெற்றோமாக்ஸ் விளக்கு பிடித்துக்கொண்டது. ஆயினும் முறை மாறவில்லை. மாலையில் வீட்டில் கறிக்கு வழியில்லை என்றால், இரவில் இறங்கி நண்டோ, திருக்கையோ, நாக்கு மீனோ கொண்டுவரலாம். முதலீடு இல்லாதவனுடைய தொழில் அது.

இனி நாம் வாழும் இந்த ஆற்றுக்கு வருவோம். மொன்றியலைச் சூழ்ந்து ஓடும் சென் லோரன்ஸ் ஆற்றிலே இங்கே உப்புநீர் இல்லை. கியூபெக் நகருக்குக் கீழே, ஓர்லியன் தீவைக் கடந்த பின்னரே கடலின் உப்பு கலக்கத் தொடங்குகிறது. எனவே நாக்கு மீனின் இனத்தவை நம் நகரக் கரையில் இல்லை. ஆனால் சூளும் மண்டாவும் இங்கே இருந்தன. அவற்றை எழுத்தில் பதித்தவர்களுள் ஒருவர் நம் திருச்சபையின் குருவானவர்.

இயேசு சபைத் துறவியான பவுல் லு ஜோன் அடிகளார் 1632 இல் கியூபெக்குக்கு வந்தார். 1633 இலையுதிர்காலத்தில், மக்களின் மொழியைக் கற்கும் நோக்குடன், இன்று இன்னு என்று தம்மை அழைத்துக்கொள்ளும் பூர்வகுடிக் குழுவொன்றுடன் காட்டுக்குள் சென்று, குளிர்காலம் முழுவதையும் அவர்களுடைய கூடாரங்களில் கழித்தார். 1634 இல் அவர் எழுதிய அறிக்கை அடுத்த ஆண்டு பாரிஸில் அச்சாயிற்று. செப்டம்பர், ஒக்டோபர் மாதங்களில் இந்த ஆற்றில் திரண்டு வரும் விலாங்கு மீன்களை அம்மக்கள் பிடித்த இரண்டு முறைகளை அவர் அதிலே விரிவாகக் கூறுகிறார்.

முதல் முறை, நீர் வற்றும் வேளையில் கரையிலே கற்களைச் சுவர்போல அடுக்கி, மீன்களைப் பெரிய கூடுகளுக்குள் வழிநடத்துவது. நம் சிறகு வலையை அறிந்த எவருக்கும் அதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது முறை மண்டாவே. நீண்ட கழியின் நுனியில் கூரான இரும்பு. அதன் இருபுறமும் வளைந்த இரு சிறு குச்சிகள். குத்தும் வேகத்தில் குச்சிகள் விலகி விலாங்கை உள்ளே விடும். பின்பு தாமே மீண்டு அதனை இறுகப் பற்றிக்கொள்ளும். வழுக்கும் மீனுக்கு ஏற்ற அறிவு அது. இரவிலே இருவர் வள்ளத்தில் ஏறுவர். பின்னால் இருப்பவர் மெல்லத் துடுப்புப் போடுவார். முன்னால் இருப்பவர், வள்ளத்தின் முனையில் கட்டிய மரப்பட்டைப் பந்தத்தின் ஒளியில் நீரை உற்றுநோக்கிக் குத்துவார். ஒரே இரவில் 300 விலாங்குகளையும் அதற்கு மேலும் பிடிப்பவர்கள் உண்டு என்றும், சில இரவுகளில் மிகச் சிலவே கிடைக்கும் என்றும் அடிகளார் எழுதுகிறார். அவற்றைக் கீறிப் புகையிட்டுக் குளிர்காலத்துக்காகப் பதப்படுத்தியவர்கள் பெண்கள்.

அந்தக் குளிர்காலம் பசியின் காலமாயிற்று. விலாங்குத் தோலைத் துணிபோல வைத்துத் தம் அங்கியின் கிழிசல்களைத் தைத்திருந்த அடிகளார், பசி தாளாமல் அந்த ஒட்டுகளையே பிய்த்து உண்ண நேர்ந்தது. அங்கி முழுவதும் அத்தோலாலேயே ஆகியிருந்தால் அது மிகவும் குட்டையாகியே வீடு திரும்பியிருக்கும் என்ற பொருளில் அவர் தம்மையே கேலி செய்துகொள்கிறார். அவர் அம்மக்களைப் பற்றி எழுதிய எல்லாவற்றையும் நாம் இன்று ஏற்க முடியாது; தம் காலத்து ஐரோப்பியரின் செருக்கு அவரிடமும் இருந்தது. ஆயினும் அவரை அன்று வாழவைத்தவர்கள் அம்மக்கள் என்பதை அவரது எழுத்தே காட்டுகிறது. இந்நாட்டுக்கு வந்த முதற் குருக்கள், இங்கிருந்தவர்களின் பந்தத்தையும் ஈட்டியையும் நம்பி உயிர் பிழைத்தவர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கியூபெக்கின் பிரெஞ்சு மொழியில் இந்த மீன்குத்தும் ஈட்டிக்கு ‘நிகோக்’ என்று பெயர். பூர்வகுடிகளின் மொழியிலிருந்து வந்த சொல் அது. 1918 இல் நம் மொன்றியலிலேயே ‘லு நிகோக்’ என்ற பெயரில் கலை இலக்கிய மாத இதழொன்று ஓராண்டு காலம் வெளிவந்தது. நகரத்து எழுத்தாளர்கள் தம் கூர்மைக்கு அடையாளமாக அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டனர். ஆனால் அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சொல்லுக்கு உரியவர்களின் கையிலிருந்து அக்கருவியைப் பறிக்கும் வேலை தொடங்கிவிட்டிருந்தது.

எப்படி என்று கேளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சல்மன் மீன் ஆறுகளில் குறையத் தொடங்கியது. ஆலைகளுக்காக ஆறுகளின் குறுக்கே அணைகள் எழுந்தன. மரம் அரியும் ஆலைகளின் தூள் நீரில் கொட்டப்பட்டது. ஆற்று முகத்துவாரங்களில் வணிகர்களின் வலைகள் நிறைந்தன. ஆனால் பழியின் பெரும்பகுதி இரவில் பந்தம் ஏந்தியவன்மேல் விழுந்தது. பந்தத்தின் தீ தொலைவிலிருந்தே எல்லோர் கண்ணுக்கும் தெரியும்; ஆலைத்தூள் ஆற்றின் அடியில் படிந்துவிடும்.

1857 இலும் 1858 இலும் அன்றைய கனடா மாகாணம் இயற்றிய மீன்பிடிச் சட்டங்கள் சல்மன் ஆறுகளில் பந்தமும் ஈட்டியும் கொண்டு பிடிப்பதை ஒடுக்கின. கூட்டாட்சி உருவான மறு ஆண்டு, 1868 இல் வந்த மீன்பிடிச் சட்டமும் அதே வழியைத் தொடர்ந்தது. பூர்வகுடிகள் தம் சொந்த உணவுக்காகப் பிடிப்பதற்கு அதிகாரி விரும்பினால் அனுமதி வழங்கலாம் என்று மட்டும் அதில் ஒரு வாசகம் இருந்தது. காலங்காலமாக உரிமையாக இருந்தது ஓர் அதிகாரியின் தயவாக மாறியது. அதே காலத்தில் அதே ஆறுகள், தூண்டிலிற் செயற்கை ஈயைக் கட்டிப் பொழுதுபோக்குக்காக மீன்பிடிக்கும் செல்வந்தர்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 1880 இல் ரெஸ்டிகூஷ் ஆற்றிலே நியூயோர்க் செல்வந்தர்கள் தங்களுக்கென ஒரு சல்மன் கழகத்தையே அமைத்தனர். பசிக்காகக் குத்தியவன் களவாளி என்று அழைக்கப்பட்டான். பொழுதுபோக்குக்காகப் பிடித்தவன் மீனின் காவலன் என்று பெயர் பெற்றான்.

இந்தக் கதை பழங்கதையாக முடியவில்லை. 1981 ஜூன் மாதம், அதே ரெஸ்டிகூஷ் ஆற்றின் கரையிலுள்ள லிஸ்துகுச் என்னும் மிக்மாக் மக்களின் ஊருக்குள் நூற்றுக்கணக்கான மாகாணக் காவலர்கள் இருமுறை புகுந்து, அவர்களுடைய சல்மன் வலைகளைப் பறித்து, மக்களை அடித்துக் கைதுசெய்தனர். அபெனாக்கி இனத்தவரான அலனிஸ் ஒபோம்சவின் அம்மையார் அதனை ஆவணப்படமாக்கினார். 1984 இல் வெளியான அப்படத்தைத் தயாரித்தது கனடியத் தேசியத் திரைப்பட வாரியம். உங்கள் பிள்ளைகளோடு இருந்து பார்க்கவேண்டிய படம் அது. காவலர்கள் ஊருக்குள் புகும் காட்சியைப் பார்க்கையில் நம்மில் பலருக்கு வேறு ஊர்கள் நினைவுக்கு வரும்.

ஒன்பது ஆண்டுகளின் பின், 1990 இல், ஸ்பாரோ வழக்கிலே கனடிய உச்ச நீதிமன்றம் ஒரு வரிசையை வகுத்தது. முதலாவது, மீனினம் அழியாமல் காக்கப்பட வேண்டும். அதற்கு அடுத்து, பூர்வகுடிகள் உணவுக்காகவும் தம் சமூக, சடங்குத் தேவைகளுக்காகவும் பிடிக்கும் உரிமை. வணிகமும் பொழுதுபோக்கும் அதன் பின்னரே. நம் வழக்கில் சொல்வதானால், முதற்பந்தி மீனுக்கு. இரண்டாம் பந்தி இந்த மண்ணின் மக்களுக்கு. நாம் அமரவேண்டியது மூன்றாம் பந்தியில். பழைய சட்டம் இந்தப் பந்தியைத் தலைகீழாக வைத்திருந்தது.

முதற்பந்தி ஏன் மீனுக்கு என்பதை விலாங்கின் கதை சொல்லும். இந்த ஆற்றின் விலாங்கு இங்கே பிறப்பதில்லை. தெற்கே அத்திலாந்திக்கின் நடுவே உள்ள சர்காசோக் கடலில் பிறந்து, கண்ணாடிபோன்ற சிறு குஞ்சாக நீரோட்டத்தில் மிதந்து வந்து, ஆற்றில் ஏறி, ஒன்ராறியோ ஏரிவரை சென்று பல ஆண்டுகள் வளர்கிறது. பின்பு ஓர் இலையுதிர்காலத்தில் ஆறு வழியே இறங்கி, பிறந்த கடலுக்கே திரும்பி, முட்டையிட்டு இறக்கிறது. லு ஜோன் அடிகளார் கண்டது அந்தத் திரும்பும் பயணத்தை. இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பாதையின் குறுக்கே போஆர்னுவாவிலும் கோர்ன்வாலிலும் மின்சார அணைகள் எழுந்தன. கோர்ன்வால் அணையில் விலாங்குகள் ஏறுவதற்கென அமைத்த படிவழியில் 1980களின் தொடக்கத்தில் ஓராண்டில் ஏறத்தாழ பத்து இலட்சம் விலாங்குகள் ஏறின. 1990களின் இறுதியில் அந்த எண்ணிக்கை பத்தாயிரத்துக்கும் கீழே விழுந்தது. 2004 இல் ஒன்ராறியோ விலாங்கு வணிகத்தை மூடியது. 2012 இல் கனடாவின் அறிவியற் குழு அதனை அச்சுறுத்தலுக்குள்ளான இனம் என்று மதிப்பிட்டது. ஈட்டிகளால் நூற்றாண்டுகளாக ஆகாத அழிவு, அணைகளும் மாறிய நீரும் பெருவணிகமும் சேர்ந்தபோது ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்தது.

பேரன் காட்டிய பட்டியலின் ஊருக்கும் இதே பாடம் உண்டு. தெக்சாஸ் மாநிலத்தில் நாக்கு மீன்கள் முட்டையிடுவதற்காகக் கரைநீரிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் நவம்பர் 1 முதல் டிசம்பர் 14 வரை, எந்தக் கருவியாலும் அவற்றைப் பிடிக்கக்கூடாது என்று 2021 முதல் விதி இருக்கிறது. ஏழை, செல்வந்தன் என்ற வேறுபாடு அந்த விதியில் இல்லை.

இப்போது பெரியவரின் கேள்விக்குத் திரும்புகிறேன். அங்கே யுத்தம் மறித்தது உண்மை. 1980களின் நடுப்பகுதியிலிருந்து வடக்கின் கடலிலே தடைவலயங்களும் இரவு மீன்பிடித் தடைகளும் வந்தன. 1990 இலிருந்து நீடித்த பொருட்தடையில் மண்ணெண்ணெயும் மின்கலமும் அடங்கின. சூளுக்குப் பின் வந்த எல்லா விளக்குகளும் அதனோடு அணைந்தன. 1990களின் தொடக்கத்தில் கிளாலிக் கடல்நீரேரியை மக்கள் இரவிலே விளக்கின்றிப் படகுகளில் கடந்தனர். கடக்கையில் பலர் உயிரிழந்தனர். ஒரு காலத்தில் உணவைக் காட்டிய ஒளி, அப்போது உயிரைக் காட்டிக்கொடுக்கும் ஒளியாயிற்று. உங்களில் சிலர் அந்தப் படகுகளில் இருந்தவர்கள். அந்தத் தடைக்கு மீனைப் பற்றிய கவலை இல்லை. மனிதரைப் பற்றிய கவலையும் இல்லை.

இதனால் நம் மக்களின் உள்ளத்தில் ஒரு பழக்கம் உறைந்துவிட்டதை நான் காண்கிறேன். தடை என்றாலே அது நமக்கு எதிரானது என்று எண்ணுகிறோம். கண்ணில் படாமல் செய்துவிட்டால் பிழையில்லை என்று நினைக்கிறோம். அந்தப் பழக்கத்தை நான் குறைகூறவில்லை. அன்று அதுவே பலரைக் காத்தது. ஆனால் அதனை அப்படியே இங்கு கொண்டுவந்தால் நாம் தவறுவோம். எல்லாத் தடையும் ஒன்றல்ல. ஒரு தடையைக் கண்டால் மூன்று கேள்விகளைக் கேட்கும்படி உங்களை அழைக்கிறேன். இது எதைக் காக்கிறது? யாருடைய உணவை எடுத்து யாருக்குக் கொடுக்கிறது? வலியவனையும் இது கட்டுப்படுத்துகிறதா? 1858 இன் சட்டம் இந்தக் கேள்விகளின் முன் நிற்காது. கிளாலியின் தடையும் நிற்காது. விலாங்குக்கான இன்றைய காவல் நிற்கும். 2017 இல் இலங்கை இழுவைமடி மீன்பிடியைத் தடைசெய்த சட்டமும் நிற்கும். அதை வேண்டிப் போராடியவர்கள் வடக்கின் சிறு மீனவர்களே.

ஆகவே பெரியவருக்கு என் மறுமொழி இது. ஐயா, இங்கே மறிப்பது உங்களுக்கு எதிரான பகை அல்ல. கியூபெக்கின் நன்னீரில் நம்மைப் போன்றோருக்கு உரிய பொதுமுறை தூண்டில்தான். ஈட்டி, அம்பு போன்றவற்றுக்கு இடமும் மீனினமும் குறித்த குறுகிய அனுமதிகளே உண்டு. மாகாண அரசு வெளியிடும் விதிகளை உங்கள் பகுதிக்குரியவாறு வாசிக்காமல் எந்தக் கருவியையும் நீரில் இறக்காதீர்கள். கடல்நீருக்குக் கூட்டாட்சி அரசின் விதிகள் தனியாக உண்டு. கமுராஸ்காப் பக்கம் செல்வோர் அவற்றையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவின் தென்கரையில் உறவினர் இருந்து, அங்கே சென்று நாக்கு மீன் குத்த விரும்பினால், அம்மாநிலத்தின் அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு, அதன் பருவத்தையும் அளவையும் மதித்துச் செய்யுங்கள். அப்போதும் அந்த நீண்ட பட்டியல் வேண்டாம். நல்ல மின்விளக்கு ஒன்று, உறுதியான ஈட்டி ஒன்று, காலைக் காக்கும் பழைய சப்பாத்து, அளக்க ஒரு கோல். படகு வேண்டாம், நடக்கக்கூடிய நீரே போதும்.

இங்கேயே தொடங்க விரும்புவோருக்கும் செலவு பெரிதன்று. மாகாணத்தின் மீன்பிடி அனுமதிப்பத்திரம் ஒருவர் பெயரில் இருந்தால், சல்மன் தவிர்ந்த மீன்களை அவருடைய வாழ்க்கைத்துணையும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் அதன்கீழ்ப் பிடிக்கலாம். ஒவ்வோராண்டும் ஜூன் மாதத் தொடக்கத்தில் மீன்பிடித் திருநாள் என்று ஒரு வார இறுதி வருகிறது. அந்நாட்களில் அனுமதிப்பத்திரம் இன்றியே தூண்டில் போடலாம். தூண்டிலோடு மட்டும் நின்றுவிடாமல், போஆர்னுவாவிலுள்ள புவாந்த் து புய்சோன் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். சுமார் 5000 ஆண்டுகளாகப் பூர்வகுடிகள் பருவந்தோறும் வந்து மீன்பிடித்த இடம் அது. தாம் எவருடைய கரையில் நிற்கிறோம் என்பதை அறிந்த பிள்ளை, தூண்டிலையும் அடக்கத்தோடு போடும்.

யோவான் நற்செய்தியின் 21 ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் ஒருமுறை வாசியுங்கள். பேதுருவும் மற்றவர்களும் இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் பிடிக்கவில்லை. விடியலில் கரையேறியபோது அங்கே கரித்தீ எரிந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் மீன் ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் பிடித்த 153 மீன்களுக்கு முன்பே ஆண்டவரின் மீன் அங்கே வெந்துகொண்டிருந்தது. பின்னரே அவர், அவர்கள் பிடித்ததிலும் சிலவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார். எந்தக் கரைக்கு நாம் சென்றாலும், நமக்கு முன்பே அங்கே ஒரு தீ மூட்டப்பட்டிருக்கிறது. நாம் அழைக்கப்பட்டவர்கள், அந்தப் பந்தியை நடத்துபவர் வேறொருவர்.

இதையெல்லாம் சென்ற ஞாயிறு பெரியவரிடம் சொன்னேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், “அப்ப மீனுக்குத்தான் முதற்பந்தி” என்றார். பிறகு பேரனின் தோளில் கைவைத்து, “பரவாயில்லை. குத்தாட்டிலும், நீரைப் பார்க்கப் பழக்கலாம். அதுதான் கஷ்டமான பகுதி” என்றார்.

வரும் ஜூன் மாதத்து மீன்பிடித் திருநாளில் அவர்கள் இருவரும் ஆற்றங்கரைக்குச் செல்கிறார்கள். நானும் செல்கிறேன். வர விரும்பும் குடும்பங்கள் திருப்பலி முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு தூண்டிலும், உங்களுக்கு ஒரு தேநீர்ப் போத்தலும் போதுமானது.

இறைவனின் அமைதி உங்கள் இல்லங்களில் நிலைத்திருப்பதாக.

அன்புடன்,
உங்கள் பங்குப் பணியாளன்